வேகம் வளர்ந்தது, கூட்டம் கலைந்தது

புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பழைய மன்னார் வீதியிலே வண்ணாத்திவில்லு என்னும் ஊர் அமைந்துள்ளது. வில்லு என்பது மழைநீர் தானாகவே தேங்கி நிற்கும் இயற்கைக் குளத்துக்குப் பெயர். அயலிலுள்ள வில்பத்துக் காட்டின் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கின்றது. மேற்கே புத்தளக் கடலேரி. வடக்கே கலா ஓயா கடலைச் சேரும் இடத்தில் கண்டற் காடு. இடையிலே செம்மண்ணும் மரமுந்திரிகையும். சுண்ணக்கல் அகழும் அருவக்காலுவும் இப்பிரதேசத்தைச் சேர்ந்ததே. கோடையில் ஒரு லொறி இவ்வழியே கடந்து சென்றால், அது கண்ணுக்கு மறைந்த பின்னரும் நெடுநேரம் செம்புழுதி அடங்குவதில்லை.

இவ்வூரில் மோட்டார்ப் பந்தயத் திடல் எதுவும் இல்லை. ஆயினும் இத்தகைய செம்புழுதியிலிருந்தும், இந்த மாவட்டத்திலே யுத்தம் விட்டுச்சென்ற விமானத் தளம் போன்ற தளங்களிலிருந்துமே கடந்த நூற்றாண்டின் மாபெரும் மோட்டார்ப் பந்தயக் கூட்டங்கள் தோன்றின என்றால் வாசகர் வியப்படைதல் கூடும். அக்கூட்டங்கள் எவ்வாறு திரண்டன? திரண்டவை பின்னர் ஏன் கலைந்தன? இக்கேள்விகள் விளையாட்டுப் பக்கத்துக்கு உரியவை என்று ஒதுக்கிவிடத் தக்கவை அல்ல. மக்கள் எதைத் தம்முடையதெனக் கொண்டாடுகின்றனர், எந்தக் கட்டத்தில் அந்த உரிமையுணர்வை இழக்கின்றனர் என்பது கலைகளுக்கும் பொருந்தும் கேள்வியன்றோ? கூத்துக் கொட்டகைக்கும் நூல்நிலையத்துக்கும் சனம் வரவில்லையே என்று வருந்துவோர், பந்தயத் திடலின் கதையையும் சற்றுக் கேட்டல் நன்று.

யுத்தம் விட்டுச்சென்ற ஓடுபாதைகள்

இரண்டாவது உலக மகாயுத்த காலத்திலே புத்தளம் நகருக்கு அண்மையில், பாலாவிப் பக்கமாக, பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இயங்கிற்று. 'ராஜாலியா' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் அமைந்த தளத்துக்கு 'உகுஸ்ஸா' என்று பெயர். இரண்டும் வேட்டைப் பறவைகளைக் குறிக்கும் சிங்களச் சொற்கள். புத்தளத்துத் தளத்தில் போர் விமானத்தை யானை கட்டி இழுக்கும் புகைப்படங்களை இன்றும் காணலாம். வானத்தைக் கிழித்துப் பறக்க வேண்டிய இயந்திரம், தரையிலே காட்டு விலங்கொன்றின் நிதான நடைக்குக் கட்டுப்பட்டு ஊர்ந்து செல்லும் காட்சி அது.

யுத்தம் ஓய்ந்ததும் உலகெங்கும் இத்தகைய தளங்கள் வெறுமையாகின. நீண்டவை, அகன்றவை, உறுதியாகக் கட்டப்பட்டவை, ஆனால் ஆளில்லாதவை! மோட்டார்ப் பந்தயக்காரருக்கு இதைக் காட்டிலும் வேறென்ன வேண்டும்? இங்கிலாந்திலே சில்வர்ஸ்டோன் விமானத் தளம் 1948-இல் பந்தயத் திடலாக மாறிற்று. வங்காளத்தில் பாரக்பூர் தளத்திலே மோட்டார்கள் ஓடின. இலங்கையோ 1934-ஆம் ஆண்டு முதலே நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி கண்ட நாடு. மலை வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிய வண்டிகள், கட்டுக்குருந்தையின் ஓடுபாதையில் ஒன்றோடொன்று முட்டிமோதி ஓடத் தொடங்கின. புத்தளத்துத் தளம் அத்தகைய பந்தயத் திடலாகப் பேர்பெறவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழர் நாவில் நெடுங்காலம் நின்ற பந்தயத் திடல் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைக் கடந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே செல்வோர் அடையும் ஊர் அது. அங்கும் யுத்தகாலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அதன் ஓடுபாதைகள் ஆங்கில 'டீ' எழுத்தின் வடிவில் அமைந்திருந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அந்தத் தளத்தை ஆண்டுதோறும் பந்தயத் திருவிழா நடக்கும் இடமாக்கிற்று.

சோழவரத்து ஞாயிறுகள்

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளிலே சோழவரம் நோக்கிப் பல்லாயிரவர் புறப்பட்டனர். பெங்களூர், கோயம்புத்தூர், கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களிலிருந்து போட்டியாளர் வந்தனர். இலங்கையிலிருந்தும் வீரர்கள் கடல் கடந்து சென்று அத்திடலில் ஓடினர். கோண்டல் சமஸ்தானத்து இளவரசரும், பட்டறையில் எண்ணெய் படிந்த கையோடு வந்த மெக்கானிக்கும் ஒரே தடத்தில் நின்ற காலம் அது.

அக்கூட்டம் எதைக் காண வந்தது? வேகத்தைக் காண வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அன்றைய சோழவரத்து வேகம், உலகப் பந்தயத் திடல்களின் வேகத்தோடு ஒப்பிடத் தக்கதன்று. வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகத் தடுக்கப்பட்டிருந்த இந்தியாவிலே, அன்று வீதியில் காணக்கூடியவை பெரும்பாலும் மூன்று வகை வண்டிகளே: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பந்தயத்தில் ஓடியவையும் அவற்றின் உடன்பிறப்புகளே. பின்னாசனத்தைக் கழற்றி எறிந்து பாரம் குறைப்பர், காபரேற்றரை மாற்றுவர், சிலிண்டர்த் தலையைச் சீவி அழுத்தம் கூட்டுவர். இத்தனை செய்த பின்னரும் வண்டியின் முகம் மாறுவதில்லை. மோட்டார் சைக்கிள்களும் அப்படியே. புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஏறிச்செல்லும் வண்டிகளே அங்கு சீறிப் பாய்ந்தன.

ஆகவே, வேலியோரத்தில் நின்ற வாடகைக் கார்ச் சாரதி ஒருவன், வளைவிலே சாய்ந்து திரும்பும் அம்பாசடரைக் கண்டபோது, தன் வண்டியைத் தானே அப்போதுதான் முதன்முதலாகக் கண்டான். தினந்தோறும் தன்னைத் தாங்கும் அந்தக் கனத்த வண்டிக்குள் இத்தகைய சீற்றம் உறங்கிக் கிடக்கிறதா என்ற வியப்பே அவனை அடுத்த ஆண்டும் அழைத்து வந்தது. வேகத்தின் அளவு அவனுக்குப் பொருட்டன்று. அந்த வேகம் தன் வாசலில் நிற்கும் வண்டிக்குரியது என்பதே பொருட்டு.

கள்ளச் சாராயமும் கடல் மணலும்

இந்த உண்மையை விளையாட்டின் பெயரிலேயே பொறித்துக்கொண்டவர் அமெரிக்கர். 'ஸ்டொக் கார்' பந்தயம் என்பது அங்குள்ள பெயர். வியாபாரி தன் கடையில் இருப்பாக வைத்திருக்கும் சரக்குக்கு ஸ்டொக் என்பர். பந்தயத்துக்கெனச் செய்யப்படாத, எவரும் பணம் கொடுத்து வாங்கத்தக்க சாதாரணக் காரே ஸ்டொக் கார். சோழவரத்து அம்பாசடருக்கும் இந்தப் பெயர் பொருந்தும்.

அப்பந்தயத்தின் பிறப்பு அவ்வளவு கௌரவமானதன்று. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலே மலையடிவாரத்துச் செம்மண் ஊர்களில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர்கள், அதை இரவோடிரவாக நகரங்களுக்குக் கடத்துவதற்கு வேகமான கார்களை நாடினர். பார்வைக்குச் சாதாரணமாகவும், ஓட்டத்தில் காவலரை மிஞ்சுவதாகவும் வண்டி இருத்தல் வேண்டும். அத்தகைய வண்டிகளை ஓட்டிய இளைஞர், யாருடைய வண்டி விரைவானது என்று உழுத வயல்களில் வட்டமிட்டுப் பார்த்தனர். ஊரார் சுற்றி நின்று கண்டனர்.

இதே வேளையில் புளோரிடா மாநிலத்து டேட்டோனாக் கடற்கரையில் மற்றொரு பந்தயம் நடந்துவந்தது. தடத்தின் ஒரு பாதி தார் வீதி. மறு பாதி கடல் மணல். கடல் வற்றும் நேரம் பார்த்தே பந்தயம் தொடங்க வேண்டும். நீர் ஏறுமுன் முடிக்க வேண்டும். பணம் கட்டாமல் புதர் வழியே நுழைவோரைத் தடுப்பதற்காக, 'விஷப் பாம்புகள் உள, எச்சரிக்கை' என்று அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டன என்பர். அப்பந்தயங்களை நடத்திய பில் பிரான்ஸ் என்பார் 1947 டிசம்பரில் பந்தயக்காரரையும் ஒழுங்கமைப்போரையும் டேட்டோனாவில் கூட்டினார். அடுத்த ஆண்டிலே நாஸ்கார் என்னும் கழகம் பிறந்தது.

கடையில் விற்கப்பட்டபடியே உள்ள கார்களுக்கு மட்டுமான முதற் பந்தயத்தை அக்கழகம் 1949 ஜூன் 19-இல் சார்லட் நகரின் மண் தடத்திலே நடத்திற்று. முதலாவதாக வந்தவர் கிளென் டன்னவே. பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தபோது, அதன் பின்புற வில்கள் விரித்து மாற்றப்பட்டிருந்தமை தெரியவந்தது. சாராயப் பாரம் ஏற்றினாலும் வண்டி தாழ்ந்துவிடாதிருக்கக் கடத்தற்காரர் செய்யும் மாற்றம் அது. வெற்றி பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்கு அளிக்கப்பட்டது. வண்டியின் உரிமையாளர் நீதிமன்றம் சென்றார். தீர்ப்புக் கழகத்தின் பக்கமே அமைந்தது.

சிறிய நிகழ்ச்சியே எனினும் இதன் பொருள் பெரிது. 'பார்ப்பவன் வைத்திருக்கும் வண்டியும் ஓடுகிற வண்டியும் ஒன்றே' என்ற வாக்குறுதியைக் காப்பதற்காகக் கழகம் ஒரு வெற்றியையே பறித்தது. ஞாயிறு வென்ற வண்டி திங்கள் விலைபோகும் என்று அந்நாட்டு மோட்டார் வணிகர் சொல்லலாயினர். வெற்றி பெற்றது ஃபோர்டா, செவ்ரொலேயா என்பது உள்ளூர்ச் சண்டைகளுக்கும் உறவுகளுக்கும் காரணமாயிற்று.

உச்சியும் சரிவும்

அதன்பின் கூட்டம் பெருகிற்று. மணற் தடத்துக்கு மாற்றாக 1959-இல் டேட்டோனாவிலே 2.5 மைல் நீளமான மாபெரும் திடல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகள் 31 பாகை சாய்வுடையவை. அங்கு நடந்த முதல் 500 மைல் பந்தயத்தை 40,000-க்கும் மேற்பட்டோர் கண்டனர். லீ பெட்டியும் ஜானி பீச்சமும் ஒருவரையொருவர் ஒட்டியே முடிவுக்கோட்டைக் கடந்தமையால், புகைப்படங்களை ஆராய்ந்து பெட்டியே வென்றார் என்று அறிவிக்க மூன்று நாட்கள் பிடித்தன.

தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1971-இல் தடைசெய்யப்பட்டபோது, புகையிலைக் கம்பனியின் பணம் பந்தயத் திடலை நாடிற்று. 1979 பெப்ரவரியில் டேட்டோனாப் பந்தயம் தொடக்கம் முதல் இறுதி வரை நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி பனிப்புயலில் முடங்கிக் கிடந்த நாள் அது. வீட்டை விட்டு வெளியேற இயலாத மக்கள், கடைசிச் சுற்றில் முன்னோடிகள் இருவரும் மோதிக்கொண்டதையும், பின்னர் சாரதிகள் புல்வெளியில் கைகலந்ததையும் திரையிலே கண்டனர். தென்மாநில விளையாட்டு, தேசத்து விளையாட்டாயிற்று. டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் திடலிலே 1982 முதல் ஒவ்வொரு பெரும் பந்தயத்துக்கும் ஓர் ஆசனமும் மிஞ்சாது சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. ஆசனங்களோ ஏறத்தாழ 160,000 வரை பெருகின. நம்முடைய ஒரு முழு நகரத்தையே ஒரு பந்தயத் திடலுக்குள் அமர்த்தியது போன்றதன்றோ அது!

2010 மார்ச்சிலே அந்தத் தொடர் அறுந்தது. பிரிஸ்டலில் வெற்று ஆசனங்கள் தோன்றின. 2013 முதல் நாஸ்கார் கழகம் பார்வையாளர் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. டேட்டோனாத் திடல் 40 கோடி டொலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2016-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பின்புற நேர்பாதையோரத்து ஆசன மேடைகள் அடியோடு அகற்றப்பட்டிருந்தன. எஞ்சியவை ஏறத்தாழ 101,000 ஆசனங்களே. கூட்டத்துக்கு ஏற்பத் திடலை வளர்த்த காலம் போய், கூட்டத்துக்கு ஏற்பத் திடலைச் சுருக்கும் காலம் வந்தது.

காரணங்கள் பல. 2008-இன் பொருளாதார வீழ்ச்சியால் தொழிலாளர் கையில் பணம் குறைந்தது. எரிபொருள், விடுதி, சீட்டு ஆகியவற்றின் செலவு கூடிற்று. தொலைக்காட்சி, வீட்டுத் திண்ணைக்கே பந்தயத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. டேல் ஏர்ன்ஹார்ட் போன்ற, ஆலைத் தொழிலாளர் தம்மவராகக் கருதிய வீரர் 2001-இல் டேட்டோனாத் தடத்திலேயே உயிர் நீத்தார். இவை யாவும் மெய்யே. ஆயினும் இவற்றின் அடியில் இன்னொன்றும் உண்டு.

ஸ்டொக் கார் ஸ்டொக் காராக இருப்பதை எப்போதோ விட்டுவிட்டது. பாதுகாப்பும் வேகமும் கருதிப் பந்தய வண்டியின் எலும்புக்கூடு உருக்குக் குழாய்களால் தனியே செய்யப்படலாயிற்று. 2007-இல் எல்லாக் கம்பனிகளுக்கும் ஏறக்குறைய ஒரே உடல்வடிவம் விதிக்கப்பட்டது. முன்விளக்குகள்கூட மெய்யான விளக்குகள் அல்ல; மேலே ஒட்டிய படங்களே. திடலுக்கு வெளியே தன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், தடத்தில் ஓடும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் பெயரளவில் மட்டுமே உறவு இருப்பதை உணர்ந்தான். திடல்களும் இடம்பெயர்ந்தன. வட கரோலினாவின் மலையடிவாரத்திலே, சாராயக் கடத்தலின் தாயகத்தில், 1947-இல் தோன்றிய நோர்த் வில்க்ஸ்பரோத் திடல் 1996-இன் பெரும் பந்தயத்தோடு கைவிடப்பட்டது. பெருநகரங்களை அண்டிய புதிய திடல்களுக்கு அதன் முறைகள் போயின. மண்ணும் மாறி, வண்டியும் மாறிய பின்னர், மக்கள் மட்டும் மாறாதிருப்பது எங்ஙனம்?

வெறும் மோதலைக் காட்டிக் கூட்டம் சேர்த்தவர்களின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. 1954 ஏப்ரல் 16, பெரிய வெள்ளியன்று, லண்டன் நியூ குரொஸ் அரங்கிலே பிரித்தானியாவின் முதல் ஸ்டொக் கார் பந்தயம் நடந்தது. பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கும் புதுமையைக் காணச் சனம் மொய்த்தது. அடுத்த சில பருவங்களிலேயே அந்தச் சனம் மெலிந்துவிட்டது. புதுமை ஒருமுறை அழைக்கும். உறவே மறுமுறை அழைக்கும்.

சோழவரத்துக்குப் பின்

சோழவரத்தின் முடிவும் இதே பாடத்தை வேறொரு விதமாகச் சொல்கின்றது. 1980-களிலே செல்வர் சிலர் வெளிநாட்டிலிருந்து பந்தயத்துக்கெனவே செய்யப்பட்ட வண்டிகளை இறக்கினர். கூட்டம் அவற்றையும் வாய்பிளந்து பார்த்தது. ஆயினும் திடலோ பழுதடைந்த விமானத் தளம். பார்வையாளருக்கும் வண்டிக்கும் இடையே போதிய காவல் இல்லை. ஆகவே கழகம் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீற்றர் நீளமான முறையான திடலைக் கட்டிற்று. 1990 தொடக்கம் பந்தயங்கள் அங்கு நடைபெறலாயின.

அதன்பின் விளையாட்டு வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து எளிய விலையில் ஒற்றை ஆசனப் பந்தய வண்டி அமைத்து, இளைஞர் பலருக்கு வழி திறந்தார். 1995-இல் அவர் விமான விபத்திலே மறைந்தார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-இல் உலகின் உச்சப் பந்தயமான ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரானார். அவரே 2010 மார்ச்சில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் திடலில் நாஸ்கார் கழகத்தின் டிரக் பந்தய வரிசையிலும் களமிறங்கினார். பிரிஸ்டலில் ஆசனங்கள் முதன்முறையாக வெறுமையாகிய அதே மாதத்திலே ஒரு தமிழர் அந்நாட்டு ஸ்டொக் கார் உலகில் அடியெடுத்து வைத்தார் என்பது காலத்தின் விசித்திரம். அவ்வாண்டு ரசிகர் வாக்கினால் அவ்வரிசையின் பெருவிருப்புக்குரிய சாரதியாகவும் அவர் தெரிவானார்.

ஆனால் சோழவரத்து வெயிலில் நின்ற பல்லாயிரவர் இருங்காட்டுக்கோட்டைக்கு அந்த அளவில் வரவில்லை. வண்டிகள் சிறந்தன, சாரதிகள் சிறந்தனர், தடம் சிறந்தது, கூட்டம் மட்டும் சுருங்கிற்று. வீதியில் நூறு வகைக் கார்கள் நிறைந்துவிட்ட காலத்திலே, எவனும் எந்த வண்டியையும் 'நம் வண்டி' என்று சுட்டுவது அரிதாயிற்று. தடத்தில் ஓடுவதோ எந்த வாசலிலும் நில்லாத வண்டி.

தலைநகர் டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்ததும் இதற்கு ஒத்ததே. பெரும் பொருட்செலவில் எழுந்த புத்தா திடலிலே 2011-இல் முதல் ஃபார்முலா ஒன்று பந்தயம் நடந்தபோது ஏறத்தாழ 95,000 பேர் கூடினர். மறு ஆண்டு அது 65,000 அளவுக்குச் சரிந்தது. 2013-இல் நடந்த மூன்றாம் பந்தயத்தோடு அப்போட்டி அங்கிருந்து விடைபெற்றது. வரி வழக்குகள் வெளிப்படையான காரணம். எனினும் மூன்று ஆண்டுகளிலும் வென்றவர் ஒரே ஜெர்மானியர். வண்டிகள் எவையும் நாட்டில் பிறந்தவையல்ல. சீட்டின் விலையோ சாமானியர் கைக்கு எட்டாதது. கூட்டம் ஒரு முறை வந்து பார்த்தது, பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தியத்தலாவை தந்த பாடம்

அப்படியாயின், கூட்டத்தை மீண்டும் தடத்தின் ஓரத்துக்கே அழைத்துவிடலாமே என்று கூறத் தோன்றும். அவ்வளவு இலகுவில் கூறிவிட முடியாதபடி நம் கண்முன்னே ஒரு துயரம் நிகழ்ந்திருக்கிறது.

இலங்கையிலே மோட்டார்ப் பந்தயக் கூட்டம் வற்றிவிடவில்லை. 1970-களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உதிரிப் பாகங்களுக்கே தவித்த காலத்தையும், பின்வந்த யுத்த காலத்தையும் தாண்டி அது உயிர்வாழ்கின்றது. மலைநாட்டிலே சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு பந்தயங்களும் சேர்ந்துவிட்டன. தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் திடலில் ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் 2024 ஏப்ரல் 21-இல் நடந்த பந்தயத்தைக் காணக் குடும்பம் குடும்பமாகச் சனம் திரண்டது. ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் மத்தியிலே பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. காயமடைந்தோர் இருபதுக்கும் அதிகம்.

1955-இல் பிரான்சின் லெமான் பந்தயத்திலே சிதறிய வண்டியால் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர் இறந்தபோது உலகம் கற்ற பாடம், எழுபது ஆண்டுகள் கழிந்தும் எம் மலைச்சாரலில் முழுமையாகக் கற்கப்படவில்லை. நெருங்கி நிற்பதற்கே மக்கள் வருகின்றனர். நெருங்கி நிற்பதாலேயே மடிகின்றனர். வேலியின்றிக் கூட்டினால் உயிர் போகும். வேலியை வானளவு உயர்த்தினால் உறவு போகும். பந்தயம் நடத்துவோர் தீர்க்கவேண்டிய புதிர் இதுவே. இதனைத் தீர்க்கமாட்டாதவருக்குக் கூட்டத்தை அழைக்கும் உரிமை இல்லை.

வடம் யார் கையில்?

இப்புதிருக்கு விடை இல்லையென்று மனம் தளர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் திடல்களைப் பாருங்கள். மாடும் ஊருக்குத் தெரிந்தது. சாரதியும் ஊருக்குத் தெரிந்தவன். எந்தச் சோடி எவருடையது என்பதைச் சிறுவனும் சொல்வான். புத்தளம் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், முன்னேஸ்வரத்துத் தேருக்கும், உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும், தலவிலப் புனித அன்னம்மாள் பெருவிழாவுக்கும் ஆண்டுதோறும் சனம் திரள்கின்றது. தேர் நகரும் வேகம் யாவரும் அறிந்ததே. ஆயினும் அதன் வடம் ஊரார் கையில் இருக்கின்றது. சக்கரத்துக்கு எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும், முட்டுக்கட்டை போடுபவர் எங்கே நிற்பார், எந்தத் திருப்பத்தில் குழந்தைகளைப் பின்னிழுக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஒழுங்கு. அங்கே காவலும் நெருக்கமும் ஒன்றையொன்று பகைப்பதில்லை.

அமெரிக்கரும் இதனை ஓரளவு உணர்ந்துகொண்டனர் எனலாம். நெடுங்காலம் பெரும் பந்தயம் காணாது கிடந்த நோர்த் வில்க்ஸ்பரோத் திடலை அவர்கள் செப்பனிட்டு, 2023 மே மாதத்திலே முதன்மைச் சாரதிகளை மீண்டும் அங்கு ஓடச் செய்தனர். அச்சிறிய திடலின் ஆசனங்கள் நிரம்பின. சென்னையிலே 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகர வீதிகளிலேயே இரவுப் பந்தயம் நடத்தப்பட்டதும் இவ்வகை முயற்சியே. பஸ் ஓடும் வீதியிலே பந்தய வண்டி ஓடும்போது, பார்ப்பவனுக்கு வண்டி அந்நியமாயினும் வீதியாவது சொந்தம். அந்தச் சொந்தம் நிலைக்குமா என்பதை வருங்காலமே காட்டும். ஆனால் அத்தகைய பந்தயத்தைப் பாதுகாப்போடு நடத்த உயர்ந்த தடுப்புகளும் கம்பிவலைகளும் வேண்டும் என்பதையும், அவற்றுக்கு ஆகும் செலவைப் பரிசுப் பணத்துக்கு முன்னர் ஒதுக்கவேண்டும் என்பதையும் தியத்தலாவை எமக்கு உணர்த்தியுள்ளது.

நம் ஆசிரியர்களுக்கு இதிலே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். தென்னோலையால் இல்லங்களை அலங்கரித்திருப்பர். சுண்ணாம்புக் கோடு கிழித்த தடத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவர். அவர்களுடைய ஓட்ட நேரம் எந்தப் பத்திரிகையிலும் வெளிவருவதில்லை. ஆயினும் தாய்மார் குடையோடு வந்து நிற்கின்றனர். தந்தையர் அன்றைய கூலியை விட்டு வருகின்றனர். கடைசியாக ஓடிவரும் பிள்ளைக்கும் கைதட்டுகின்றனர். கயிற்றுக்கு அப்பால் நிற்குமாறு ஆசிரியர் சொன்னால் எல்லோரும் ஓரடி பின்வாங்குகின்றனர். கூட்டம் குறைந்ததென்று அங்கே எவரும் முறையிட்டதில்லை. ஓடுபவர் எவருடைய பிள்ளை என்பது அங்கு நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.